கண்ணுக்குக் கனம், தோளுக்கு லேசு

திருப்பூரில் துணியைக் கையால்தான் பார்ப்போம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தேய்ப்பு. உடனே, "நூத்தி எம்பது இருக்கும்ங்க" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு அது, ஜிஎஸ்எம் என்போம். பிறகுதான் வட்டக் கட்டரை வைத்து 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி, தராசில் போட்டு, வந்த கிராமை நூறால் பெருக்கிச் சரிபார்ப்பது.

நான் 15 வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். இந்தப் பழக்கம் தியேட்டர் வரைக்கும் கூடவே வந்துவிடும். திரையில் ஆயிரம் வீரர்கள் ஓடி வரும்போது மற்றவர்கள் கதாநாயகனைப் பார்ப்பார்கள். என் கண் அவர்களின் தோள்பட்டையிலும் அக்குளிலும் நிற்கும். அந்தக் கவசம் எத்தனை கிராம்? கையைத் தூக்கினால் அக்குளில் எங்கே இழுக்கும்? போட்டுக்கொண்டு எத்தனை மணி நேரம் நிற்க முடியும்? இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவானது. மாயாஜாலப் படத்தின் பாதித் தொழில், பார்ப்பவர் கண்ணுக்குக் கனம் காட்டி, போட்டிருப்பவர் தோளில் அதை ஏற்றாமல் இருப்பது. ஒரே குத்து, ஒரே பாய்ச்சலைக் காலையிலிருந்து பொழுது சாயும் வரை திரும்பத் திரும்ப எடுப்பார்கள். நிஜ இரும்பைப் போட்டால் மத்தியானத்துக்குள் ஆள் படுத்துவிடுவார். கீழே விழுந்தால் கவசமே விலாவைக் கிழிக்கும்.

இரும்பு வளையச் சட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது எங்கள் ஊர்ச் சமாச்சாரம். ஐரோப்பிய வீரர்கள் அணிந்த அந்தச் சட்டையில் ஒவ்வொரு வளையமும் பக்கத்திலிருக்கும் நான்கு வளையங்களைக் கோத்துக்கொண்டிருக்கும். முழுச் சட்டை சுமார் 10 கிலோ இருக்கும். பின்னலாடைத் துணியைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதிலும் இதே வேலைதான் நடக்கிறது: ஒவ்வொரு லூப்பும் கீழே இருக்கும் லூப்பின் வழியாக நுழைந்து, மேலே வரும் லூப்பைத் தாங்கி நிற்கும். அங்கே இரும்பு, இங்கே நூல். இந்த உறவைச் சினிமாக்காரர்கள் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். லாரன்ஸ் ஒலிவியர் 1944-ல் வந்த 'ஐந்தாம் ஹென்றி'யை எடுத்தபோது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இரும்பெல்லாம் போர்முனைக்குப் போய்விட்ட நேரம். அந்தப் படத்தின் வீரர்களுக்கு வளையச் சட்டையைப் பின்னித்தான் கொடுத்தார்கள். மேலே அலுமினியப் பூச்சு. கறுப்பு வெள்ளையில் அல்ல, வண்ணத்தில் எடுத்த படம் அது. அதிலும் கண் ஏமாந்தது.

1975-ல் வந்த 'மான்டி பைத்தான் அண்ட் தி ஹோலி கிரெயில்' படத்திலும் அதே உத்தி: கம்பளி நூலில் பின்னி வெள்ளிப் பூச்சு அடித்த சட்டைகள். படப்பிடிப்பு நடந்த ஸ்காட்லாந்திலோ குளிரும் தூறலும். கம்பளி தண்ணீரைக் குடித்தது. தோளை மிச்சம் பிடிக்கப் பின்னிய சட்டை நனைந்து கனத்து, நாள் முழுவதும் நடிகர்களின் உடம்பிலேயே சில்லிட்டுக் கிடந்தது. அவர்கள் பட்ட பாட்டை அவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். நூலைத் தேர்ந்தெடுக்கும்போது அது எந்த ஊர் வானத்துக்கு என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இதைப் படித்த சில மாதங்களில் மகளின் பள்ளி ஆண்டு விழா வந்தது. நாடகம், எங்கள் கொங்கு மண்ணின் அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர் இருவருக்கும் கவசம் வேண்டும் என்றார் டீச்சர். அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டலாம் என்று இருந்தார்கள். நான் காலர் மிஷின் ஓட்டும் அண்ணனிடம் போனேன்.

"ஏனுங்க மாஸ்டர், காலர் மிஷின்ல சட்டையா?"

"கோன் மிச்சத்தை நாலஞ்சு இழை ஒண்ணாப் போட்டு, லூசா ஓட்டுங்கண்ணா. லூப்பு ஒவ்வொண்ணும் தனியாத் தெரியோணும்."

கறுப்பு நூலையே எடுத்தோம். காரணம் இருக்கிறது. வெள்ளை நூலில் வெள்ளி அடித்தால் துணி மொத்தமும் ஒரே பளபளப்பாகி, தகரம் மாதிரித் தட்டையாகிவிடும். கறுப்புத் துணியை விரித்துப் போட்டு, கிட்டத்தட்டக் காய்ந்த ரோலரில் சில்வர் பிக்மென்ட்டைத் தொட்டு லேசாக உருட்டினால், மேடான லூப்பில் மட்டும் வெள்ளி ஏறும். பள்ளம் கறுப்பாகவே நிற்கும். பத்தடி தள்ளி நின்றால் அத்தனையும் வளையம். அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் பூச்சே இல்லாமல் விட்டேன்; பூச்சு ஏறிய பின்னல் நீளாது, இழுத்தால் வெடிப்பு விடும். பையன்கள் அதைப் போட்டுக்கொண்டு மேடையில் குதித்தார்கள், உருண்டார்கள், கடைசிவரை ஒன்றும் கிழியவில்லை.

நியூசிலாந்தில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எடுத்தபோது அதன் கவசங்களைச் செய்த வெட்டா பட்டறைக்காரர்கள் இந்தக் குறுக்கு வழியில் திருப்தி அடையவில்லை. பின்னல் துணி, வளையச் சட்டை மாதிரித் தொங்கும். ஆனால் ஆள் ஓடும்போது வளையம் வளையமாக அலை பாயாது, வெளிச்சத்தைத் துண்டு துண்டாகத் திருப்பாது. அதற்காக அவர்கள் பிளாஸ்டிக் குழாயை மெல்லிய வளையங்களாக நறுக்கி, ஒவ்வொன்றாகக் கையால் கோத்தார்கள். மொத்தம் 1 கோடியே 25 லட்சம் வளையங்கள். அந்த வேலையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவர்களின் விரல் ரேகையே தேய்ந்துபோனது என்று சொல்கிறார்கள். செக்கிங் டேபிளிலும் கைமடி டேபிளிலும் காலம் கழித்த பெண்களின் விரல் நுனியைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதை நம்ப ஒரு சிரமமும் இல்லை. திரையில் அந்தச் சட்டைகள் நொடிக்கணக்கில்தான் வந்து போகின்றன. அந்த நொடிக்குத்தான் அத்தனை பேரின் விரல்.

நம் பக்கத்துக்கு வருவோம். எஸ். எஸ். ராஜமௌலியின் 'பாகுபலி' 2015 ஜூலை 10-ல் வெளியானது. தெலுங்கிலும் தமிழிலும் ஒரே நேரத்தில் எடுத்த படம். மகிழ்மதி நகரத்தை ராமோஜி ஃபிலிம் சிட்டியில் எழுப்பிய கலை இயக்குநர் சாபு சிரில், வால்பாறையில் பிறந்தவர். எங்கள் ஊரிலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போனால் வரும் அதே வால்பாறை. அந்தச் சாலை மளுக்கப்பாறை தாண்டிக் காட்டுக்குள் இறங்கி, அதிரப்பள்ளி அருவிக்குப் போய்ச் சேர்கிறது. படத்தில் நாயகன் சிவுடு ஏறத் துடிக்கும் அருவிக்கு மூலம் அந்த அதிரப்பள்ளிதான். நிஜ அருவி சுமார் 80 அடி. மீதி உயரத்தை ஸ்டூடியோவில் கட்டிய பாறைகளும் கம்ப்யூட்டரும் சேர்த்துக் கொடுத்தன. பிறந்த மலையிலிருந்து அதே சாலையில் கீழே இறங்கினால் வரும் தண்ணீரை, ஒரு கலைஞர் வானம் வரைக்கும் நீட்டிக் காட்டியிருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சாபு சிரில் ஆயுதங்களில் செய்ததுதான் என் தொழிலுக்கு நெருக்கம். வாளையும் கவசத்தையும் இரும்பில் அடித்தால் நடிகர்கள் தூக்கிச் சுழற்ற முடியாது. கார்பன் ஃபைபரில் செய்தார். பந்தய காரிலும் விமானத்திலும் போடும் பொருள் அது: கார்பன் இழைகளைத் துணியாக நெய்து, பிசினில் தோய்த்து, அச்சில் வைத்து இறுக்குவது. ஆக, அந்த வாளும் பிறவியில் ஒரு துணிதான். அதன் மேல் இரும்பின் நிறம், தேய்மானம், வெட்டுத் தழும்பு எல்லாம் பூச்சாக ஏறியிருக்கிறது. வில்லன் பல்வாள்தேவனின் சுழல்கத்தி ரதத்துக்குள் ராயல் என்ஃபீல்டு புல்லட் எஞ்சினைப் பொருத்தி, உள்ளே ஸ்டியரிங்கோடு ஓர் ஓட்டுநரை மறைத்து உட்கார வைத்திருந்தார்கள். ரதத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தபின் மறுபடி பார்த்தேன். ரதம் இன்னும் பிடித்துப்போயிற்று.

பெரிய படம் என்றால் ஹைதராபாத், மும்பை, ஹாலிவுட் என்றுதான் இங்கே இளசுகள் பேசுகிறார்கள். ஒரு காலத்தில் இந்தப் பஞ்சாலை வட்டாரமே மாயாஜாலப் படம் எடுத்த இடம். திருப்பூர் 2009 வரை கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தக் கோவைச் சிங்காநல்லூரில் 1930-களின் நடுவில் சென்ட்ரல் ஸ்டூடியோஸ் வந்தது. பி. ரங்கசாமி நாயுடு போன்றவர்கள் முன்நின்று நடத்தினார்கள். மில் பணம் சினிமாவுக்குள் பாய்ந்த காலம். எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு இயக்கி 1944-ல் வந்த 'ஜகதலப்பிரதாபன்' கோவையில் எடுத்த படம். அதில் தேவலோகக் கச்சேரி ஒன்று வரும். பாடுகிறவரும் நாயகன் பி. யு. சின்னப்பா, சுற்றி உட்கார்ந்து பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களும் சின்னப்பா. ஒரே சட்டகத்தில் ஐந்து சின்னப்பா!

கம்ப்யூட்டர் கனவில்கூட இல்லாத அந்த நாளில் இதற்கு இருந்த வழி இது. கேமராவை அசையாமல் இறுக்கி வைப்பார்கள். லென்சுக்கு முன்னால் கறுப்பு மறைப்பு வைத்து, ஓர் ஓரத்தை மட்டும் திறந்து ஒரு சின்னப்பாவைப் படம் பிடிப்பார்கள். ஃபிலிமை இருட்டில் பின்னோக்கிச் சுற்றி, மறைப்பை நகர்த்தி, அடுத்த இடத்தில் அடுத்த சின்னப்பா. ஒரு முறை பிசகினால் முந்தைய முறைகளும் சேர்ந்து பாழ். இதில் உடைக்காரருக்கும் பெரும் பொறுப்பு உண்டு. அங்கவஸ்திரத்தின் நுனி கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டைத் தாண்டி விழுந்தால் காற்றில் வெட்டுப்பட்டதுபோல் அறுந்து நிற்கும். மடிப்பு ஒவ்வொன்றையும் குத்தி, நகராமல் வைத்திருந்தால்தான் அந்தக் கச்சேரி கச்சேரி.

மூன்று ஆண்டு கழித்து, 1947-ல், அதே சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த 'ராஜகுமாரி' வந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம், ஏ. எஸ். ஏ. சாமி இயக்கம், வசனத்தில் இளைஞர் மு. கருணாநிதியின் கை. அரபுக் கதைகளின் சாயலில் மந்திரம், மாயம், வாள் எல்லாம் உண்டு. அதில் எம்.ஜி.ஆரோடு மோதும் முரடனாக வந்தவர் சாண்டோ சின்னப்பா தேவர். கோவை ராமநாதபுரத்துக்காரர், பங்கஜா மில்லில் வேலை பார்த்துக்கொண்டே உடம்பை வளர்த்தவர். அந்தச் சண்டைக்கு வேறொரு பயில்வானைப் போடுவதாக இருந்ததாம். தேவர்தான் வேண்டும் என்று எம்.ஜி.ஆர். உறுதியாக நின்றார் என்பது திரையுலகில் வழங்கும் செய்தி. சண்டையில் எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கி எறிவது கார்பன் ஃபைபரில் நடக்காது. நிஜமான எடையை நிஜமான தோள் தாங்க வேண்டும், விழுகிறவருக்கு விழத் தெரிந்திருக்க வேண்டும், இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவர் நம்பிக்கை இருக்க வேண்டும். அந்தத் தோள் பஞ்சாலையிலிருந்து வந்தது. அதே தேவர் 1956-லிருந்து சொந்தமாகப் படம் எடுத்து, எம்.ஜி.ஆரை வைத்தே அடுத்தடுத்து வெற்றி கண்டது எல்லோருக்கும் தெரியும்.

சேலத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய டி. ஆர். சுந்தரம், திருச்செங்கோட்டுக்காரர், இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். துணி படித்த மனிதர்தான் 1956 பொங்கலுக்கு 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்ற தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தைக் கொடுத்தார். கேவா கலரில் எடுத்தது. இதை யாராவது தற்செயல் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கறுப்பு வெள்ளையில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகப் பதிந்துவிடும். அதனால் அன்றைய உடைக்காரர்கள் நிறத்தை விட்டுவிட்டு மினுக்கத்தைப் பிடித்தார்கள்: ஜரிகை, சம்கி, வெல்வெட். ராஜா என்பதைப் பளபளப்பு சொல்லும், சேவகன் என்பதை மங்கல் சொல்லும். வண்ணம் வந்ததும் அந்தக் கணக்கு மொத்தமும் மாறியது.

சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது புரியும். இங்கே லேப் டிப், அதாவது சாய மாதிரி, போட்டு வந்த துண்டைக் கண்ணால் பார்த்து ஓகே சொல்ல மாட்டோம். லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, கடை வெளிச்சத்தில் ஒரு முறை பார்ப்போம். ஒன்றில் பொருந்தும் ஷேடு இன்னொன்றில் கைவிட்டுவிடும். அலிபாபா காலத்து வண்ண ஃபிலிமுக்கு வெளிச்சப் பசி அதிகம். பெரிய பெரிய விளக்குகளைக் கொட்டினால்தான் பதியும். அந்த விளக்கு ஒரு நிறம் காட்டும், ஃபிலிம் ஒரு நிறம் பிடிக்கும், லேபில் கழுவி வரும்போது வேறொன்றாக இருக்கும். குகைக்குள் குவிந்த பொற்காசும் பானுமதியின் உடுப்பும் எம்.ஜி.ஆரின் தலைப்பாகையும் இந்த மூன்று கண்டங்களையும் தாண்டித்தான் நம்மிடம் வந்து சேர்ந்தன. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் மிச்சமாக நிற்கிறது. சேலம் போகிறவர்கள் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

கனம் காட்டுவதைப் பற்றியே பேசுகிறேன். கனம் நிஜமாகவே வேண்டியிருந்த இடமும் ஒன்று உண்டு. 1948-ல் எஸ். எஸ். வாசன் ஜெமினியில் எடுத்த 'சந்திரலேகா'வின் முரசு நடனம். முரசுகளின் மேல் பெண்கள் நின்று ஆட வேண்டும், உள்ளே வீரர்கள் ஒளிந்திருந்து கடைசியில் வெளியே பாய வேண்டும். பார்ப்பதற்கு முரசு, வேலையில் அது மேடை, அறை, கதவு. கலை இயக்குநர் ஏ. கே. சேகர் வடிவமைத்தார். 400 நடனக்காரர்கள், ஆறு மாதம் தினசரி ஒத்திகை. அந்த ஒரு காட்சிக்கே சுமார் 5 லட்சம் ரூபாய் ஆனது என்கிறார்கள். மேலே ஆடும் கால் சரியாக விழ, கீழே இருக்கும் மரம் அசையாமல் நிற்க வேண்டும். இன்றும் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது பலகை எங்கேயாவது அமுங்குகிறதா என்று தேடுவேன். அமுங்கவில்லை.

கனம் சத்தத்திலும் இருக்கிறது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டாம் பாகத்தில் பத்தாயிரம் அரக்கர்கள் ஊளையிடும் ஓசை, வெலிங்டனில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் கிடைத்தது. நியூசிலாந்து, இங்கிலாந்து ஒருநாள் ஆட்டத்தின் இடைவேளையில் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் மைதானத்தில் இறங்கி, சுமார் 25,000 ரசிகர்களைக் கத்தவும் காலைத் தட்டவும் வைத்துப் பதிவு செய்துகொண்டார். 'பாகுபலி'யில் எதிரிப் படையாக வரும் காலகேயர்களுக்கு அந்த எடையைக் கொடுத்தது ஒரு தமிழ்க் கவிஞர் செய்த மொழி. மதன் கார்க்கி அவர்களுக்காகவே 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்ட கிலிக்கியை உருவாக்கினார். விளையாட்டாக உளறவிட்டிருந்தால் அந்தக் கூட்டம் வெறும் சாயம் பூசிய ஆட்களாக நின்றிருக்கும். பேச்சுக்குள் ஒழுங்கு இருந்ததால் அவர்களுக்குப் பின்னால் ஓர் ஊர், ஒரு குலம் இருப்பதாக நமக்குப் பட்டது.

கடைசியாக, எங்கள் வாஷிங் யூனிட்காரர்கள் கேட்டால் மகிழ்கிற ஒரு சங்கதி. காவியப் படத்தில் புது உடுப்பு எதிரி. மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவன் காட்டிலிருந்து வந்தால் எத்தனை கோடி செலவு செய்தாலும் நம்ப முடியாது. அதனால் தைத்து முடித்த உடுப்பைத் துவைத்து, கல்லில் உரசி, முட்டியிலும் கழுத்திலும் சாயத்தை இறக்கி, ஓரத்தைப் பிய்த்து, சேறும் எண்ணெயும் ஏற்றிப் பழசாக்கத் தனி ஆட்களே இருக்கிறார்கள். என்சைம் வாஷ், ஸ்டோன் வாஷ் என்று இங்கே நாள்தோறும் நடக்கும் வேலையின் உறவுதான் அது. சினிமாவில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். காட்சிகளைக் கதை வரிசையில் எடுப்பதில்லை. போரின் முடிவு முதல் மாதம், போரின் தொடக்கம் ஆறாவது மாதம் என்று வரும். எனவே நாயகனின் ஒரே உடுப்பில் புதுசு, தூசி படிந்தது, கிழிந்தது, ரத்தம் காய்ந்தது எனப் பல நிலைகள் தயாராக இருக்கும். சண்டைக்கு இறங்கும் டூப்புக்கும் அதே நிலைகளில், அவர் அளவில், இன்னொரு வரிசை. டூப்பின் உடுப்பில் மட்டும் உள்ளே பஞ்சுத் திண்டுக்கும் கயிறு மாட்டும் பெல்ட்டுக்கும் இடம் விட்டு வெட்ட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அளவு மாறியது தெரியக்கூடாது. தோளில் ஒன்றரை இஞ்ச், இடுப்பில் இரண்டு இஞ்ச் விட்டு, பக்கத் தையலுக்குள் நீளும் ரிப் துணியை ஒளித்து வைத்தால் போதும் என்று என் கணக்கு சொல்கிறது.